புகைபோக்கிக்குள் ஏறிய பையன்கள்

பனி கொட்டுற தேசத்துல குடித்தனம் பண்ற நம்ம மக்களைக் கேட்டுப் பாருங்க. அக்டோபர் வந்தா போதும், பேச்சு பாய்லர்ல ஆரம்பிச்சு கேஸ் பில்லுல போய் முடியும். எந்த பாய்லர் நல்லது, வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணணுமா, ஹீட் பம்ப் போட்டா கட்டுப்படியாகுமா... இதுக்கெல்லாம் பதில் சொல்ற அளவுக்கு நான் மெக்கானிக் இல்லீங்க. ஆனால் இங்கிலாந்துக்காரர்கள் இதே கேள்விகளை முந்நூற்றைம்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எதைப் போட்டு வீட்டைச் சூடாக்குவது, அதை யார் சுத்தம் பண்ணுவது? இரண்டாவது கேள்விக்கு அவர்கள் கண்டுபிடித்த பதில் கொஞ்சம் கொடூரமானது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

லண்டனில் முதலில் விறகுதான். ஊர் பெருக்கப் பெருக்க விறகு விலை ஏற, நியூகாசில் பக்கமிருந்து கப்பலில் வந்த நிலக்கரி வீட்டுக்குள் நுழைந்தது. விறகு எரிக்க அகலமான அடுப்பு போதும். நிலக்கரிக்கு அது சரிப்படாது. காற்றை நன்றாக இழுக்கிற ஒடுக்கமான புகைபோக்கி வேணும். 1666-ல் லண்டன் பெருந்தீயில் நகரத்தின் பெரும்பகுதி எரிந்து, திரும்பக் கட்டியபோது அறைக்கு ஒரு கணப்பு, கணப்புக்கு ஒரு குழாய் என்று வைத்துக் கட்டினார்கள். (கொசுறு: அப்போது கணப்புக்கே வரி இருந்தது! 1662-ல் போட்டார்கள், ஒரு கணப்புக்கு வருஷத்துக்கு 2 ஷில்லிங். ஜனங்கள் கரித்துக் கொட்டி, 1689-ல் ஒழிந்தது.)

மூணு மாடி, நாலு மாடி வீடு. ஒவ்வொரு அறையின் குழாயும் வளைந்து நெளிந்து மேலே போகும். அந்தக் குழாயின் அளவு வழக்கமாக 14 அங்குலத்துக்கு 9 அங்குலம். ஏ4 தாள் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்க, அதைவிட இம்மி பெரிசு, அவ்வளவுதான். இதற்குள் புகைக்கரி பாளம் பாளமாகப் படியும். சுத்தம் பண்ணாமல் விட்டால் ஒரு நாள் உள்ளேயே தீப்பிடிக்கும். வளைவுகளில் அப்போதிருந்த துடைப்பம் போகாது. அப்போ யார் போவது?

பையன்கள்.

அனாதைகள், பஞ்சம் பிழைக்க வழியில்லாதவர்கள் வீட்டுப் பிள்ளைகள், அஞ்சாறு வயசிலிருந்தே. 'தொழில் பழகுகிறான்' என்ற பேரில் ஒரு மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். முழங்கை, முட்டியை உள்சுவரில் அண்டக்கொடுத்துப் புழு மாதிரி ஊர்ந்து ஏறணும். தோல் உரிந்து ரத்தம் வரும். தோல் காய்த்துப் போவதற்காக அந்த இடத்தில் உப்புத்தண்ணீர் தேய்த்து நெருப்புப் பக்கத்தில் நிற்க வைப்பார்களாம். வளைவில் மாட்டி மூச்சு முட்டிச் செத்தவர்கள் உண்டு. தப்பித்து வளர்ந்தவர்களுக்கு இன்னொன்று காத்திருந்தது. 1775-ல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், புகைபோக்கி சுத்தம் பண்ணுகிறவர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரிதான் காரணம் என்று எழுதினார். ஒரு தொழில் ஒரு புற்றுநோயைத் தருகிறது என்று மருத்துவ உலகம் அறிந்தது அப்போதுதான்.

சட்டம் வராமலா? வந்தது. 1788-ல், 8 வயசுக்குக் கீழே கூடாது. 1840-ல், 21 வயசுக்குக் கீழே யாரையும் ஏற்றவே கூடாது. காகிதத்தில் பிரமாதம். போலீஸும் பார்க்கவில்லை, வீட்டுக்காரர்களும் கேட்கவில்லை.

சரி, வேற வழியே இல்லையான்னு கேட்டா, இருந்தது! 1803 வாக்கிலேயே ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் குழல்களை ஒன்றோடு ஒன்று கோத்து மேலே தள்ளுகிற துடைப்பத்தைச் செய்துவிட்டார். பெரும்பாலான குழாய்களில் அது வேலை செய்தது. ரொம்ப வளைந்த குழாய்களில் மட்டும் சுவரில் சின்னக் கதவு வைக்கணும். அந்தச் செலவுக்குப் பெரிய மனிதர்களுக்கு மனசு வரவில்லை. துடைப்பம் போட்டால் கம்பளத்தில் கரி கொட்டும் என்றார்கள். பையன் மலிவு, கம்பளம் ஒஸ்தி. தடை மசோதா ஒரு தடவைக்கு மேல் பிரபுக்கள் சபையில் தோற்றது.

1875 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் பக்கம் ஃபுல்போர்ன் மனநல விடுதியில் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற 11 வயசுப் பையனைப் புகைபோக்கிக்குள் ஏற்றினார்கள். மாட்டிக்கொண்டான். சுவரை இடித்து வெளியே எடுத்தும் பிழைக்கவில்லை. மேஸ்திரிக்கு ஆறு மாசம் கடுங்காவல். அந்தச் சாவுக்குப் பிறகு ஷாஃப்ட்ஸ்பரி பிரபு கொண்டுவந்த சட்டம்தான் உருப்படியாக நின்றது: புகைபோக்கித் தொழிலுக்கே போலீஸ் லைசென்ஸ் வேணும் என்றது. கணக்குப் போட்டுப் பாருங்க. துடைப்பம் வந்து 72 வருஷம் கழித்து.

இதில் என்னை ரொம்ப உறுத்தும் விஷயம் ஒன்று. 1796-ல் ரம்ஃபோர்டு பிரபு என்ற விஞ்ஞானி கணப்பையே திருத்தி அமைத்தார். ஆழத்தைக் குறைத்து, பக்கச்சுவரைச் சாய்த்து, புகை போகும் தொண்டையை நெருக்கினார். கரிச் செலவு குறைந்தது, அறை சூடானது, புகை உள்ளே திரும்பவில்லை. நிஜமாகவே பெரிய சாதனை. அந்த நெருக்கிய தொண்டையில், எடுத்து மாட்டுகிற மாதிரி ஒரு கல் வைக்கவும் வழி சொன்னார். எதுக்கு? சுத்தம் பண்ணுகிறவன் ஏறிப் போக! அனலின் ஒவ்வொரு துளிக்கும் கணக்குப் பார்த்த மூளைக்கு, அந்தப் பையனும் கணப்பின் ஒரு பாகமாகவே பட்டிருக்கிறான்.

பையன்கள் போனாலும் புகை போகவில்லை. 1945-ல்கூட ஜார்ஜ் ஆர்வெல் திறந்த கணப்புக்கு வக்காலத்து வாங்கி ஒரு கட்டுரை எழுதினார். குடும்பமே சுற்றி உட்கார்ந்து பேசும் இடம் அது என்பது அவர் கட்சி. அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நெருப்பின் சூட்டில் பெரும்பகுதி வானத்துக்குத்தான் போனது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மேல் காற்று அசையாமல் நின்றபோது வீட்டுப் புகையும் ஆலைப் புகையும் தெருவிலேயே தங்கிவிட்டன. அன்றைய கணக்கில் சுமார் 4,000 பேர் செத்தார்கள். பின்னாளில் செய்த ஆய்வு 12,000 வரை சொல்கிறது. 1956-ல் தூய காற்றுச் சட்டம். 1967-லிருந்து பத்து வருஷத்தில் வீடு வீடாக ஏறி அடுப்புகளை வடகடல் எரிவாயுவுக்கு மாற்றினார்கள்.

2005-லிருந்து அங்கே புது கேஸ் பாய்லர் பெரும்பாலும் 'கண்டென்சிங்' ரகம்தான். வெளியே போகும் புகையில் இருக்கும் நீராவியைக் குளிர வைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்கிறது. அதுக்கு ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்கணும். தண்ணீர்ச் சூட்டை எக்கச்சக்கமாக ஏற்றி வைத்தால், காசு கொடுத்து வாங்கிய வித்தை வீண். வருஷாந்திர சர்வீஸையும் தள்ளிப் போடாதீங்க. சரியாக எரியாத கேஸ் கார்பன் மோனாக்சைடாகும். அதுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஹீட் பம்ப் கதை தனி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூணு யூனிட் வரைக்கும் சூடு தரும், வீட்டில் புகையே இல்லை. ஆனால் மின்சாரம் எதை எரித்து வருகிறது என்று பார்க்கணும்.

விற்பனைக்காரர் திறன் 90 சதவீதம், 300 சதவீதம் என்று அட்டையைக் காட்டுவார். நல்லா பாருங்க. கூடவே இன்னும் ரெண்டு கேள்வி கேளுங்க: இதிலிருந்து வெளியே போவது எங்கே போகிறது? இதைச் சுத்தமாக வைப்பது யார், என்ன கூலிக்கு? ரம்ஃபோர்டு மாதிரி ஒரு மேதையே தொடாமல் விட்ட கேள்விகள்.

அடுத்தவன் வீடு எரியும்போது குளிர்காய்கிறான்னு நம்மூரில் திட்டுவோம் இல்லையா? இங்கே எரிந்தது சொந்த வீட்டு அடுப்புதான். உள்ளே ஏறியது மட்டும் அடுத்தவன் பிள்ளை.