ஹிழ்ரும் ஆற்றங்கரை நம்பிக்கைகளும்

ஸூரத்துல் கஹ்பில் மூஸா (அலை) அவர்கள் இரு கடல்கள் கூடும் இடத்தில் ஓர் அடியாரைச் சந்திக்கிறார்கள். குர்ஆன் அவர் பெயரைச் சொல்லவில்லை. ஹிழ்ர் என்ற பெயர் ஹதீஸில் வருகிறது: அவர் அமர்ந்த வறண்ட நிலம் பசுமையானதால் வந்த பெயர்.

பிற்கால மக்கள் அந்தப் பசுமையையும் நீரையும் பிடித்துக்கொண்டார்கள். சிந்து நதியில், சுக்கூர் அருகே தீவொன்றிலுள்ள அவருடைய ஸியாரத்துக்கு முஸ்லிம்களும் இந்துக்களும் போய்வந்தார்கள். இந்துக்களுக்கு அவர் ஜூலேலால். பெத்லஹேமுக்கு அருகே அல்கழ்ர் என்றே ஒரு கிராமம். அங்கே புனித ஜோர்ஜின் தேவாலயத்தில் முஸ்லிம்களும் நேர்ச்சை வைப்பார்கள். துருக்கியர், ஹிழ்ரும் இல்யாஸும் சந்திக்கும் நாளென்று மே 6இல் வசந்தத்தை வரவேற்கிறார்கள். நம்மட கதிர்காமத்தில், முருகன் கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளிவாசலும் ஹிழ்ர் பெயரோடுதான் பேசப்படுகிறது. அவர் ஹயாத்துத் தண்ணீர் குடித்த இடம் அதுவென்பது பழையவர்களின் நம்பிக்கை.

அப்படியென்றால் எல்லாரும் ஒருவர்தானா? இல்லை. ஜூலேலால் வருணனின் அவதாரம். ஜோர்ஜ் மார்க்கத்துக்காக உயிர்விட்ட கிறிஸ்தவர். ஹிழ்ரோ, எதையும் தம் இஷ்டப்படி செய்யவில்லையென்று சொல்லி விலகிய அடியார்.

சிலர் இந்த இடங்களின் பேச்சையே எடுக்க விடுகிறார்களில்லை. வேறு சிலர் எல்லாம் ஒன்றுதான் என்று கலந்துவிடுகிறார்கள். அகீதாவைக் குர்ஆனிலும் ஹதீஸிலும் படிப்போம். அயலவரோடு எப்படிப் புழங்கினோம் என்பதை இந்த ஆற்றங்கரைகளில்தான் படிக்க வேண்டும். அதை அழித்தால் ஈமான் கூடப்போவதில்லை. நம்முடைய வரலாறுதான் குறையும்.