சாக்சபோனும் நம் செவியும்

மாதேஸ்வரன் மலையில் கம்சாளே பாடகர்களின் வெண்கலத் தாளத்தைக் கேட்டுப் பழகிய நமக்கு, ஜாஸ் இசை எட்டாத பொருளன்று. அவ்விசைக்குரிய சாக்சபோன், மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியக் குழுவிலேயே ஒலித்த கருவி. நாகசுர வித்துவானின் புதல்வரான கத்ரி கோபால்நாத் (1949–2019) அங்கே அதைக் கேட்டுத்தான் மனம் பறிகொடுத்தார். சாவிகளால் இயங்கும் குழலில் கமகம் எங்ஙனம் இழையும்? கருவியைச் சிறிது திருத்தி, நெடுங்காலம் உழைத்து, அவர் இழைத்தே காட்டினார்.

1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அவரைக் கேட்ட அமெரிக்க வித்துவான் ஜான் ஹாண்டி, உடன் வாசிக்க விழைந்தார். வியப்பில்லை, மனோதர்மம் இருவருக்கும் பொதுச் சொத்தன்றோ! நம்மவர் ராகத்தின் எல்லைக்குள் கற்பனை செய்கின்றனர். ஜாஸ் கலைஞரோ மாறிவரும் ஸ்வரக் கூட்டுகளைத் தொடர்ந்து செல்கின்றனர்.

1994இல் லண்டன் பிராம்ஸ் விழாவில் வாசித்தார். அதே ஆண்டு ‘டூயட்’ திரைப்படம் அவர் நாதத்தைத் தமிழர் இல்லந்தோறும் சேர்த்தது. அதனோடு நின்றுவிட்டோர் நம்முள் பலர், அது குறையே.

சங்க அன்பர்கள் குடும்பத்துடன் கேட்க நாம் பரிந்துரைப்பது, 2008இல் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் அவர் வாசித்து வெளிவந்த ‘கின்ஸ்மென்’. கன்னியாகுமரி அம்மையாரின் வயலினும் பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் அதில் உண்டு. இரு சாக்சபோன்களில் எது எவருடையது என்று சொல்வதில் நம் பிள்ளைகளே நம்மை வெல்வர்.