ஒரே பெயர், இரு பதிப்பு: ஆண்ட்ராய்டு செயலிகளில் லைப்ரரி மோதல்களின் வரலாறு (2011–2022)

ஆண்ட்ராய்டு செயலியில் அதை எழுதியவரின் சொந்த நிரல் பெரும்பாலும் சிறு பங்குதான். மிகுதி, பிறர் எழுதிய லைப்ரரிகளிலிருந்து வருவது. படங்களைக் காட்ட ஒன்று, இணையத்தோடு பேச ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று என நான்கைந்து லைப்ரரிகளைச் சேர்த்தால், அவை ஒவ்வொன்றும் தமக்கு வேண்டியவற்றைத் தாமே அழைத்து வருகின்றன. இந்தச் சங்கிலியில் எங்கோ ஓரிடத்தில், ஒரே லைப்ரரியின் பழைய பதிப்பை ஒன்றும் புதிய பதிப்பை மற்றொன்றும் கேட்கும் நிலை வந்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு உலகம் இந்தச் சிக்கலை எதிர்கொண்ட விதத்தைக் காலவரிசையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த வரலாறு வழக்கமாகக் கருவிகளின் வளர்ச்சிக் கதையாகவே சொல்லப்படுகிறது: எக்லிப்ஸ் என்ற நிரல் எழுதும் கருவி போனது, கிரேடில் என்ற பில்ட் கருவி வந்தது, நிலைமை சீரானது. சான்றுகளைப் பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை. நான் இங்கே முன்வைக்கும் கேள்வி வேறு. மோதல் எந்த இடத்தில் வெளிப்பட்டது? நிரலாளரின் கணினியில் பில்ட் நிற்கும்போதா, அல்லது பயனரின் கைப்பேசியில் செயலி திடீரென மூடும்போதா? இந்தக் காலகட்டத்தின் மாற்றங்களை இந்த ஒரு கேள்வியைக் கொண்டு பார்த்தால் அவற்றின் வரிசை தெளிவாகப் புலப்படுகிறது.

சிக்கலின் வேர்

ஜாவாவில் ஒரு கிளாஸை அடையாளம் காட்டுவது அதன் முழுப்பெயர். அதாவது பேக்கேஜ் பெயரும் கிளாஸ் பெயரும் சேர்ந்தது. பதிப்பு எண்ணுக்கு அந்தப் பெயரில் இடமே இல்லை. ஆகவே, ஒரு லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் ஒரே பெயரோடு ஒரே செயலிக்குள் அருகருகே வாழ வழக்கமான வழி கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட் உலகின் என்பிஎம் இதற்கு நேர்மாறானது. அங்கே ஒவ்வொரு லைப்ரரியும் தனக்கு வேண்டிய பதிப்பைத் தன் கோப்புறைக்குள்ளேயே தனியாக வைத்துக்கொள்ள முடியும்.

ஆண்ட்ராய்டில் எல்லா கிளாஸ்களும் இறுதியில் டெக்ஸ் என்னும் கோப்பு வடிவத்துக்குள் போகின்றன. ஒரே பெயரில் இரண்டு கிளாஸ் வந்தால் டெக்ஸ் ஆக்கும் கருவி பிழை காட்டி நின்றுவிடும். இரண்டில் ஒரு பதிப்பை மட்டும் வைத்துக்கொண்டால் பில்ட் முடிந்துவிடும். ஆனால் மற்ற பதிப்பை நம்பி எழுதப்பட்ட லைப்ரரி, இல்லாத ஒரு மெத்தடைத் தேடிப் போய், செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே விழும். முதல் வகைத் தோல்வி நிரலாளரின் நேரத்தைத் தின்கிறது. இரண்டாவது வகையின் விலையைப் பயனர் கொடுக்கிறார். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது.

எக்லிப்ஸ் காலம்: முரட்டுத்தனமான நேர்மை

2011 மார்ச்சில் கூகுள் ஒரு சிறு ஜார் கோப்பை வெளியிட்டது. ஆண்ட்ராய்டு 3.0-இல் அறிமுகமான ஃபிராக்மென்ட் வசதியை, ஆண்ட்ராய்டு 1.6 வரையுள்ள பழைய கைப்பேசிகளுக்கும் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. ஆண்ட்ராய்டு 1.6-இன் ஏபிஐ எண் 4. அதனால்தான் பெயரில் ‘வி4’ ஒட்டிக்கொண்டது. பின்னாளில் சப்போர்ட் லைப்ரரி என்று அறியப்பட்ட பெருங்குடும்பத்தின் முதல் உறுப்பினர் இதுவே. பயனுள்ள லைப்ரரி என்பதால் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் எடுத்துக்கொண்டதாலேயே மோதல்களின் மையமாகவும் அது மாறியது.

அன்று லைப்ரரிகளைச் சேர்ப்பதென்றால் ஜார் கோப்பை இறக்கி, திட்டத்தின் ‘லிப்ஸ்’ கோப்புறையில் போடுவதுதான். மூன்று லைப்ரரித் திட்டங்களை இணைத்தால் மூன்றிலும் இந்த வி4 ஜாரின் ஒவ்வொரு பிரதி இருக்கும். எக்லிப்ஸின் ஆண்ட்ராய்டு கருவி அவற்றை எஸ்எச்ஏ-1 கைரேகையால் ஒப்பிட்டது. கைரேகைகள் ஒத்துப்போகாவிட்டால், ஜார்கள் பொருந்தவில்லை, சரிசெய் என்று சிவப்பில் எழுதி பில்டை நிறுத்திவிடும். எது பழையது, எது புதியது என்று அதற்குத் தெரியாது. ஜார் கோப்பு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் தகவல் அவ்வளவு குறைவு.

நிரலாளர்கள் இதைச் சபித்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. கோப்புகளைக் கையால் நகலெடுத்து, எல்லாத் திட்டத்திலும் ஒரே பிரதியை வைத்த பிறகே வேலை நகரும். ஆனாலும் என் மதிப்பீட்டில் அந்த முறைக்கு ஒரு சிறப்பு இருந்தது. முடிவு எடுக்கத் தெரியாதபோது அது முடிவு எடுக்கவில்லை. மோதல் மறைந்துபோகாமல் நிரலாளர் கண்முன் நின்றது.

கிரேடில்: மௌனத் தீர்ப்பு

லைப்ரரிகள் தம் சார்புகளைத் தாமே அறிவிக்கும் ஏற்பாடு ஜாவா உலகில் அப்போதே பழையதாகிவிட்டிருந்தது. 2005 அக்டோபரில் வந்த மேவன் 2.0, ஒரு லைப்ரரி கேட்கும் பிற லைப்ரரிகளையும் தானாகத் தேடி எடுத்துவந்தது. இரண்டு பதிப்புகள் மோதினால், சார்பு மரத்தில் செயலிக்கு நெருக்கமாக இருப்பதை மேவன் தேர்ந்தெடுக்கும். 2012-இல் 1.0 பதிப்பை எட்டிய கிரேடில் வேறு விதி வைத்துக்கொண்டது: கேட்கப்பட்டவற்றில் உயர்ந்த பதிப்பு எதுவோ அதுவே வெல்லும். 2013 மே மாதம் கூகுள் ஐ/ஓ மாநாட்டில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும், கிரேடிலை அடிப்படையாகக் கொண்ட புதிய பில்ட் முறையும் அறிமுகமாயின. 2014 டிசம்பரில் ஸ்டூடியோ 1.0 வந்தது. 2015 இறுதியோடு எக்லிப்ஸுக்கான ஆதரவு முடிந்தது.

இந்த மாற்றத்தின் நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஒரே வரியில் ஒரு லைப்ரரியை அழைக்கலாம்; அதன் சார்புகள் தாமே வந்து சேரும். ஆனால் உயர்ந்த பதிப்பே வெல்லும் என்ற விதிக்குள், புதிய பதிப்பு பழையது செய்த அனைத்தையும் செய்யும் என்ற நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு எவரும் உத்தரவாதம் தரவில்லை. மோதல் இருந்தது என்பதையே கிரேடில் வாய்விட்டுச் சொல்வதில்லை. சார்பு மரத்தை அச்சிடச் சொல்லிக் கேட்டால், ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி போட்டுக் காட்டும். கேட்காதவருக்கு எதுவும் தெரியாது. மோதல் கண்டால் பில்டை நிறுத்து என்று கட்டளையிடும் வசதியும் கிரேடிலில் உண்டு. ஆனால் அது இயல்புநிலையில் இயங்குவதில்லை.

இத்தனை எளிய விதியை ஏன் ஏற்றார்கள் என்ற கேள்விக்குக் கோட்பாட்டு விடை உண்டு. எல்லா லைப்ரரிகளின் விருப்பங்களையும் ஒருசேர நிறைவேற்றும் பதிப்புத் தொகுதியைக் கண்டுபிடிப்பது, பொது வடிவில், விரைவாகத் தீர்க்கும் வழி அறியப்படாத என்பி-முழுமை வகைக் கணக்கு. லினக்ஸ் தொகுப்புகளை ஆராய்ந்தவர்கள் இதை முன்பே நிறுவியிருந்தார்கள். 2016-இல் நிரலாளர் ரஸ் காக்ஸ் தம் கட்டுரையில் இதை எளிமையாக விளக்கினார். கிரேடில் அந்தக் கணக்கைப் போடவில்லை. விரைவாக முடியும் ஒரு விதியால் தாண்டிச் சென்றது.

இதே ஆண்டுகளில் இன்னொரு நெருக்கடியும் முற்றியது. டெக்ஸ் கோப்பில் மெத்தட்களுக்கான சுட்டெண் 16 பிட் அளவுடையது. ஆகவே ஒரு டெக்ஸ் கோப்பு 65,536 மெத்தட்களுக்கு மேல் சுட்ட முடியாது. கூகுள் பிளே சர்வீசஸ் லைப்ரரி ஒன்றே 2014-இல் 20,000-க்கும் மேற்பட்ட மெத்தட்களைக் கொண்டிருந்தது. அந்த ஆண்டின் இறுதியில், 6.5 பதிப்பில், அதைப் பல துண்டுகளாகப் பிரித்தார்கள். வரைபடம் வேண்டியவர் வரைபடத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எண்ணிக்கைச் சிக்கல் தணிந்தது. ஆனால் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டிய பல துண்டுகள் உருவானதால், அவற்றுள் ஒன்று மட்டும் முன்னேறிவிடும் புதிய வகை மோதலுக்கு வாசல் திறந்தது. சப்போர்ட் லைப்ரரியிலும் இதே நிலைதான். எல்லாத் துண்டுகளும் அச்சுப் பிசகாமல் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும், கலந்தால் ஓடும்போது விழக்கூடும் என்று ஸ்டூடியோவின் லின்ட் என்னும் சரிபார்ப்புக் கருவி எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைக் கூகுளே எழுத வேண்டி வந்தது, கிரேடிலின் மௌனம் போதாது என்பதற்கான முதல் ஒப்புதல் என்று கருதுகிறேன்.

பெயரை மாற்றுதல்

லைப்ரரி எழுதுபவர்களிடமிருந்து வேறொரு வழி பிறந்தது. 2015 டிசம்பரில் லைப்ரரி ஆசிரியர் ஜேக் வார்ட்டன் ஒரு கொள்கையை எழுதி வெளியிட்டார்: பழையதோடு பொருந்தாத பெரும் பதிப்பை வெளியிடும்போது பேக்கேஜ் பெயரையும், களஞ்சியத்தில் லைப்ரரியைக் குறிக்கும் பெயரையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். அதன்படி 2016 ஜனவரியில் ஓகேஎச்டிடிபி 3 தன் பேக்கேஜை ‘ஓகேஎச்டிடிபி3’ என மாற்றிக்கொண்டது. ரெட்ரோஃபிட் 2, ஆர்எக்ஸ்ஜாவா 2 ஆகியவையும் இதே பாதையில் சென்றன. பெயர் வேறானதால் பழையதும் புதியதும் ஒரே செயலியில் சேர்ந்து இயங்கின. செயலி சற்றுப் பெரிதாகும், உடையாது. இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் தீர்வு இதுதான். தான் உண்டாக்கும் பொருந்தாமையின் சுமையை லைப்ரரி ஆசிரியரே சுமக்கிறார். தீர்மானத்தைக் கருவியின் ஊகத்துக்கு விடுவதில்லை.

2018 மே மாதம் கூகுள் அறிவித்த ஆண்ட்ராய்டுஎக்ஸும் ஒரு பெயர் மாற்றம்தான். சப்போர்ட் லைப்ரரி அந்த ஆண்டு செப்டம்பரில் 28.0.0 பதிப்போடு நின்றது. அதன் கிளாஸ்கள் புதிய பேக்கேஜ்களுக்குக் குடிபெயர்ந்தன. ஒவ்வொரு துண்டும் 1.0.0-இலிருந்து தனித்தனிப் பதிப்பு எண் பெற்றது. பொருந்தாத மாற்றம் வந்தால்தான் முதல் எண் மாறும் என்ற ஒழுங்கும் ஏற்கப்பட்டது. ஆனால் வார்ட்டன் காட்டிய பாதை இங்கே முழுமையாகப் பொருந்தவில்லை. ஒரு லைப்ரரி பழைய ஃபிராக்மென்ட்டைக் கையில் கொடுத்தால், புதிய ஃபிராக்மென்ட்டை எதிர்பார்க்கும் செயலியால் அதை வாங்கிக்கொள்ள முடியாது. எனவே ஜெட்டிஃபையர் என்னும் கருவி, பில்ட் நடக்கும்போதே, பழைய லைப்ரரிகளின் பைட்கோடைத் திறந்து பெயர்களைப் புதியதாக மாற்றி எழுதியது.

இடர் எப்படிப் பரவும் என்பதை 2019 ஜூன் 17 காட்டியது. அன்று கூகுளின் பிளே சர்வீசஸ், ஃபயர்பேஸ் லைப்ரரிகள் ஆண்ட்ராய்டுஎக்ஸுக்கு மாறின. அன்றைய ரியாக்ட் நேட்டிவ் லைப்ரரிகள் பலவற்றில் பதிப்பு எண்ணின் இடத்தில் ஒரு கூட்டல் குறி இருந்தது. கிடைப்பதில் புதியதை எடு என்பது அதன் பொருள். ஒரு வரியும் மாற்றாத திட்டங்களின் பில்ட்கள் மறுநாள் உடைந்தன. பழைய பேக்கேஜும் புதிய பேக்கேஜும் ஒரே செயலியில் கலந்துவிட்டன. அடுத்த மாதம் வந்த ரியாக்ட் நேட்டிவ் 0.60 ஆண்ட்ராய்டுஎக்ஸுக்கு மாறிக்கொண்டது. கூட்டல் குறியை எழுதிய எவரும் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் தன் செயலிக்குள் எது வருகிறது என்று தெரிந்துகொள்ளும் பொறுப்பை, அந்த ஒற்றைக் குறி வேறெங்கோ ஒப்படைத்துவிட்டது.

ஒரு வெற்று ஜாரின் கதை

உயர்ந்த பதிப்பே வெல்லும் என்ற விதியின் வரம்பைக் குவாவா லைப்ரரியின் நிகழ்வு நுட்பமாகக் காட்டுகிறது. பெரிய லைப்ரரியான குவாவாவிலிருந்து லிசனபிள்ஃபியூச்சர் என்ற ஒரேயொரு இன்டர்ஃபேஸ் மட்டும் ஆண்ட்ராய்டுஎக்ஸுக்குத் தேவைப்பட்டது. அதை 1.0 என்ற எண்ணில் தனி ஜாராக வெளியிட்டார்கள். அப்படியானால், முழுக் குவாவாவையும் பயன்படுத்தும் செயலியில் அந்தக் கிளாஸ் இருமுறை வரும். இதைத் தடுக்க 2018 அக்டோபரில் வந்த குவாவா 27.0 ஓர் உத்தியைக் கையாண்டது: அதே தனி ஜாரின் 9999.0 பதிப்பைச் சார்பாகக் கேட்டது. அந்தப் பதிப்புக்குள் எதுவுமே கிடையாது. மோதலைத் தவிர்க்கவே வெறுமையாக விடப்பட்டது என்று அதன் பெயரிலேயே எழுதியிருந்தது. உயர்ந்த எண் வெல்லும் என்பதால் கிரேடில் வெற்று ஜாரைத் தேர்ந்தெடுக்கும். கிளாஸ் குவாவாவிலிருந்து மட்டும் வரும்.

ஆனால் செயலியில் இருப்பது 27-க்கு முந்தைய குவாவா என்றால், வெற்று ஜாரைக் கேட்க ஆளில்லை. கிளாஸ் இரட்டித்து பில்ட் நிற்கும். நிரலாளர்கள் அந்த வெற்று ஜாரைத் தாமே தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொண்டார்கள். நெருங்கியதைத் தேர்ந்தெடுக்கும் மேவனிலோ இந்த உத்தி பலிக்கும் என்ற உறுதியே இல்லை. கருவியின் விதியை முன்கூட்டிக் கணித்து, அதற்கேற்ப ஓர் இல்லாத பொருளைப் படைக்கும் அளவுக்கு லைப்ரரி ஆசிரியர்கள் தள்ளப்பட்டிருந்தார்கள்.

பில்டுக்கே திரும்புதல்

2018 முதலான மாற்றங்கள் பெரும்பாலும் ஒரே திசையில் செல்கின்றன. பிளே சர்வீசஸ் துண்டுகள் அந்த ஆண்டு மே மாதம் தனித்தனி எண்களுக்கு மாறியபோது, பொருந்தாத பதிப்பு தேர்வானால் பில்டை நிறுத்தும் சரிபார்ப்பு பிளகின் ஒன்றையும் கூகுள் வெளியிட்டது. இரட்டித்த கிளாஸ்களை, எந்த இரண்டு லைப்ரரிகளிலிருந்து வந்தவை என்ற விவரத்தோடு காட்டும் தனிப் பணி ஆண்ட்ராய்டு பில்டில் சேர்ந்தது. 2018 நவம்பரின் கிரேடில் 5.0, ஒன்றோடொன்று பொருந்துவதாகச் சோதிக்கப்பட்ட பதிப்புகளின் தொகுப்புப் பட்டியலை ஏற்கும் வசதியை முறைப்படுத்தியது. ஃபயர்பேஸ் இத்தகைய பட்டியலைத் தந்தது. 2022 அக்டோபரில் கம்போஸும் தந்தது. ஒரு திட்டத்தின் எல்லாப் பதிப்புகளையும் ஒரே கோப்பில் எழுதிவைக்கும் வெர்ஷன் கேட்டலாக், 2022 பிப்ரவரியில் கிரேடில் 7.4-இல் நிலைபெற்றது. பட்டியல் தருவது லைப்ரரி ஆசிரியர். எண்களை வெளிப்படையாக எழுதுவது செயலி ஆசிரியர். முடிவு மீண்டும் மனிதர்களிடம் வந்து சேர்ந்தது.

மோதல்கள் ஓய்ந்துவிடவில்லை. 2022 டிசம்பர் 28 அன்று வந்த காட்லின் மொழியின் 1.8.0 பதிப்பு, அதுவரை தனியாக இருந்த இரண்டு துணை லைப்ரரிகளை மைய லைப்ரரிக்குள் இணைத்தது. மைய லைப்ரரி புதியதாகவும் துணை லைப்ரரிகள் பழையதாகவும் தேர்வான செயலிகளில் கிளாஸ்கள் இரட்டித்தன. ஆனால் இம்முறை அது பில்டிலேயே, மோதும் லைப்ரரிகளின் பெயரோடு வெளிப்பட்டது. காட்லினின் பதிப்புப் பட்டியலைச் சேர்த்ததும் தீர்ந்தது. எந்தப் பயனரின் கைப்பேசிக்கும் போகும் முன்பே பிடிபடக்கூடிய பிழையாக அது இருந்தது.

இன்னும் மீதமிருப்பது மௌனமான வகை: கிளாஸ் இரட்டிக்காமல், உயர்ந்த பதிப்பு சத்தமின்றித் தேர்வாகி, ஒரு மெத்தட் மட்டும் காணாமல் போவது. இதற்குக் கிரேடிலின் இயல்புநிலை இன்றும் காவல் இல்லை. ஆகவே லைப்ரரி எழுதும் தமிழ் நிரலாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: பழையதோடு பொருந்தாத பதிப்பை வெளியிடும்போது பேக்கேஜ் பெயரையும் மாற்றுங்கள். செயலி எழுதுபவர்கள், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் சார்பு மரத்தை அச்சிட்டு, அதில் அம்புக்குறி விழுந்த ஒவ்வொரு வரியையும் படித்துப் பாருங்கள்.