ஃபோகஸ் திட்டம்

பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்குத் திருச்சபைகள் வழியே உதவிய ஜிம்பாப்வே சமூகத் திட்டம். நாட்டின் கிழக்கிலுள்ள முட்டாரே நகரில், குழந்தைநல மருத்துவர் ஜெஃப் ஃபாஸ்டர் 1987இல் தொடங்கிய எய்ட்ஸ் பராமரிப்பு அமைப்பு 1993இல் இதை ஏற்படுத்தியது.

எய்ட்ஸ் நோயால் பெற்றோர் இறந்தபின் பல பிள்ளைகள் பாட்டியிடமோ, மூத்த உடன்பிறப்பின் பொறுப்பிலோ வளர்ந்தனர். அவர்களை விடுதிக்கு அனுப்பாமல் சொந்த ஊரிலேயே, உறவினர் அரவணைப்பில் வளரச்செய்வது திட்டத்தின் நோக்கம்.

உள்ளூர்ச் சபைகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தொண்டர்களில் பெரும்பாலோர் பெண்கள், கைம்பெண்களும் உண்டு. அவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முறையாகச் சென்று நலம் விசாரித்தனர். எந்த வீட்டுக்கு உதவி அவசரம் என்பதையும் கணித்தனர். மிக வறிய வீடுகளுக்கு மக்காச்சோள விதை, உரம், போர்வை, தொடக்கப்பள்ளிக் கட்டணம் ஆகியன கிடைத்தன. குறைந்த செலவில், ஊர்மக்களின் உழைப்பைக்கொண்டே இயங்கியது இதன் சிறப்பு.