உழைப்பும் ஊட்டமும்: மலையக வரலாற்றில் ஒரு குறிப்பு

உடல் வலிமையைப் பெருக்குவன என்று அமினோ அமிலப் பொடிகள் இன்று உலகெங்கும் விற்கப்படுகின்றன. இவற்றின் பயனை நாம் ஹட்டனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து நோக்க விழைகின்றோம். மலைச்சரிவில் நாள் முழுதும் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் பெண்களின் உழைப்பு, விளையாட்டு வீரரின் பயிற்சிக்குச் சற்றும் குறைந்ததன்று.

உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அவற்றை உணவே தருதல் வேண்டும். தோட்ட மக்களின் அன்றாட உணவாகிய கோதுமை மா ரொட்டியில் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. இரண்டும் சேரின் குறை நீங்கும். 1960களில் தானியங்களோடு லைசினைச் சேர்க்கும் திட்டங்கள் பெரிதும் பேசப்பட்டன. 1974இல் டொனால்ட் மக்லாரன், 'லான்செற்' இதழில், உலகப் புரதப் பற்றாக்குறை பற்றிய கருத்து மிகைப்பட்டதெனச் சாடினார். அக்காலத்திலேயே, 1973–74 உணவுத் தட்டுப்பாட்டின்போது, மலையகத் தோட்டங்களில் மரண வீதம் உயர்ந்தது. அங்கே தட்டில் உணவே குறைந்திருந்தது.

இவ்விடத்து 1979இல் 'பிரித்தானிய மருத்துவ இதழில்' எட்ஜேர்ட்டனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு மனங்கொளத்தக்கது. இலங்கைத் தேயிலைத் தொழிலாளருள் இரும்புச்சத்துப் பெற்றுக் குருதி தேறியோர், ஒரு மாதத்தின் பின் ஏனையோரைவிடக் கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். 100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் 6 முதல் 9 கிராம் வரையே இருந்தோரிடம் முன்னேற்றம் மிகுதியாயிருந்தது.

இதிலிருந்து பெறப்படும் பொதுவிதி தெளிவானது: குறையுள்ள இடத்திலேயே ஊட்டம் பெரும்பயன் தரும். போதிய புரதம் உண்பவருக்குத் தனி அமினோ அமிலங்கள் கூட்டும் வலிமை சிறிதே. லியூசின் தசையாக்கத்தைத் தூண்டுமெனினும், ஏனைய எட்டும் உடனில்லையேல் அவ்வாக்கம் நீடியாது.

எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. ஆய்வின் முதன்மையான அளவுகோல் கொழுந்தின் நிறையாகும். கூடிய கொழுந்தின் பயன் எவரைச் சேர்ந்தது என்பதை வரலாறே கேட்டல் வேண்டும். அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு: குருதி தேறியோரின் அன்றாட நடமாட்டமும் பெருகியது. மீண்ட வலிமை, தோட்டத்துக்கு மட்டுமன்றி, அப்பெண்களின் சொந்த வாழ்வுக்கும் உரியதாயிற்று. இதனையே நாம் முதன்மையாகக் கொள்கின்றோம். ரொட்டியோடு பருப்பும் கீரையும் முட்டையும் வாங்கவல்ல கூலி கிடைக்குமாயின், லயத்துக்குப் பொடி எதுவும் வேண்டப்படாது.