பிரிண்டர் ஓடாத வெள்ளிக்கிழமை

போன மாதம் தம்பி மகன் வந்திருந்தான். மருந்து மொத்த வியாபாரம். கும்பகோணத்தில் தலைமைக் கடை, வெளியூரில் மூன்று கிளைகள். நாலு இடத்துக் கம்ப்யூட்டர்களையும் இணைத்து, கண்காணித்து, வைரஸ் வராமல் காத்துக்கொடுக்க மூன்று கம்பெனிகள் விலை கொடுத்திருந்தன. "பெரியப்பா, நீங்க பேங்க்ல கம்ப்யூட்டர் செக்ஷன்ல இருந்தவங்க. எதை எடுக்கலாம், சொல்லுங்க" என்று மூன்று காகிதத்தையும் நீட்டினான். கடைசிப் பக்கத்து விலையைத்தான் முதலில் காட்டினான். வியாபாரி பிள்ளை, வேறு எப்படி இருப்பான்!

அவனுக்குச் சொன்ன டாக்கா கதையை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. பங்களாதேஷில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. அந்நாட்டு மத்திய வங்கியான பங்களாதேஷ் வங்கியில், ஸ்விஃப்ட் அறை என்று ஒன்று உண்டு. சுமார் 12 அடிக்கு 8 அடி, ஜன்னல் கிடையாது. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றச் செய்திகள் எல்லாம் அங்கேதான் வந்து, தானாகவே பிரிண்டரில் அச்சாகும். அன்று காலை தட்டில் ஒரு தாளும் இல்லை. பிரிண்டர் மக்கர் பண்ணுவது புதிதா? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

முந்தைய நாள் இரவே திருடர்கள் அந்த வங்கியின் பெயரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 உத்தரவுகள் அனுப்பியிருந்தார்கள். மொத்தம் சுமார் 95 கோடி டாலர். சனிக்கிழமை பிரிண்டரை உயிர்ப்பித்தபோது, 'இந்த உத்தரவுகள் உங்களுடையவைதானா?' என்று நியூயார்க் கேட்டிருந்த செய்திகள் வெளியே வந்தன. பதறிப்போய்த் தொடர்பு கொண்டால் அங்கே சனி, ஞாயிறு விடுமுறை. பணம் போய்ச் சேர்ந்த மணிலாவிலோ திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. மூன்று ஊர்க் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திட்டம் போட்டிருக்கிறான்கள், பாவிகள்.

30 உத்தரவுகள் நின்றுபோயின. 5 உத்தரவுகள் தப்பி வெளியேறின. அதில் 2 கோடி டாலர் இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு. 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்தை அவசரத்தில் தப்பாக அடித்திருந்தார்கள். இடையில் இருந்த வங்கி சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டது, பணம் திரும்பியது. மிச்சம் 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவில் ஒரு கிளை வழியாகப் போய், சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. மார்ச் 15-ஆம் தேதி கவர்னர் அதியுர் ரஹ்மான் ராஜினாமா செய்தார்.

திருட்டைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது பிறகு வெளிவந்த விவரம். அந்த வங்கியின் நெட்வொர்க்கில் ஃபயர்வால் இல்லை, பத்து டாலர் விலையுள்ள பழைய ஸ்விட்சுகளைப் போட்டிருந்தார்கள் என்று விசாரித்த போலீஸ் அதிகாரி ஒருவர் ராய்ட்டர்ஸ் நிறுவனத்திடம் சொன்னார். புது ஆர்.டி.ஜி.எஸ். இணைப்பு கொடுக்க வந்த ஸ்விஃப்ட் டெக்னீஷியன்கள்தான் ஓட்டை வைத்துவிட்டுப் போனார்கள் என்றது வங்கித் தரப்பு போலீஸ். ஸ்விஃப்ட் அதை அடியோடு மறுத்தது. உங்கள் வீட்டுப் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு என்றது. வெளியாளை வைத்து வேலை வாங்குகிற எல்லா இடத்திலும் கடைசியில் வருகிற சண்டை இதுதான்.

டாக்கா எங்கேயோ இருக்கிறது என்று நினைத்தோம். இரண்டே வருடம். 2018 பிப்ரவரியில், 1904-இல் நம் ஊரில் பிறந்த சிட்டி யூனியன் வங்கியிலும் அதே ஸ்விஃப்ட், அதே பிரிண்டர். மூன்று போலி உத்தரவுகள், ஏறக்குறைய 20 லட்சம் டாலர். மறுநாள் காலை கணக்கு ஒத்துப் பார்த்த ஊழியர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கணக்கு ஒத்துப் பார்ப்பதைப் பழைய காலத்து வேலை என்று கேலி செய்த இளைஞர்கள் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்!

எங்கள் காலத்தில் இந்தத் தொல்லை வேறு மாதிரி. 1999-இல் ஹைதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. வங்கிகளுக்காக இன்ஃபினெட் என்ற வலையைத் தொடங்கியது. அதன் பின்னாலேயே மொட்டை மாடிகளில் வி-சாட் குடைகள் முளைத்தன. ஐப்பசி மழை கொட்டினால் லைன் போய்விடும். லைன்காரன் மோடம்காரனைக் காட்டுவான், மோடம்காரன் சாஃப்ட்வேர்காரனைக் காட்டுவான். கவுண்டரில் ஓய்வூதியக்காரர்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் நிம்மதி என்று அப்போது நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஆளிடம் கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலை கடைசியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்ப சேவை கொடுக்கும் சி-எட்ஜ் நிறுவனத்தில் ரான்சம்வேர் புகுந்தது. தேசிய பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் அந்த நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்ததும், கூட்டுறவு, கிராமிய வங்கிகள் சுமார் 300-இல் பணப் பரிவர்த்தனை நின்றது. மறுநாள்தான் திரும்ப வந்தது. வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது என்பதுதான் ரிசர்வ் வங்கி 2023-இல் போட்ட உத்தரவின் சாரம்.

தம்பி மகனின் மூன்று காகிதத்திலும் '24 மணி நேரக் கண்காணிப்பு' என்று அச்சடித்திருந்தது. "பொங்கல் அன்னைக்கு ராத்திரி யார்டா பார்ப்பாங்க? கேட்டியா?" என்றேன். எச்சரிக்கை வந்தால் அவர்களே லைனைத் துண்டிப்பார்களா, உனக்கு மெயில் மட்டும் அனுப்பிவிட்டுத் தூங்குவார்களா? ஒப்பந்தம் முடிந்தால் பாஸ்வேர்டு எல்லாம் உன் கைக்கு வருமா? தயங்கித் தயங்கி, ஒவ்வொருவருக்கும் போன் செய்து கேட்டான்.

அந்த ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மூன்று பேரின் உதவி எண்ணுக்கும் கூப்பிட்டான். முதல் இரண்டிலும் பாட்டுத்தான் ஓடியது. மூன்றாவதில் ஒரு பெண் எடுத்து, "சொல்லுங்க சார், எந்த பிராஞ்ச்?" என்றாள். மூன்றில் அதுதான் விலை அதிகம். "யோசிச்சுச் சொல்றேன் பெரியப்பா" என்று காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டான்.