வருங்காலக் கணிப்பு – தமிழ் அறிவியல் புனைவில்

அறிவியல் செய்திகளை அடியாகக் கொண்டு, இனி வரக்கூடிய கருவிகளையும் வாழ்க்கை முறைகளையும் கதையாகவோ கட்டுரையாகவோ முன்கூட்டியே எழுதிக் காட்டுவது. சோதிடத்தோடும் குறி சொல்வதோடும் இதற்கு உறவில்லை. தமிழில் இது மூன்று வழிகளில் நடந்துள்ளது: கையில் இருப்பதை நீட்டிப் பார்ப்பது, வேண்டும் என்று விரும்புவதை வரைவது, வந்துவிடுமோ என்று அஞ்சுவதைக் காட்டுவது. பாரதியார் விரும்பியதை வரைந்தார். பெரியார் இருப்பதை நீட்டி, விரும்பியதோடு சேர்த்தார். சுஜாதா அச்சத்தைக் கதையாக்கினார். கதை வடிவில் இல்லாத பாட்டும் சொற்பொழிவும் இந்த வகையில் சேரும்; அவற்றை நீக்கிவிட்டால் தமிழில் இத்துறைக்குத் தொடக்கமே இல்லாமல் போய்விடும்.

பழைய இலக்கியம்

புறநானூற்றின் 27ஆம் பாட்டில் ஓட்டுபவன் இல்லாத வானூர்தி ஒன்று வருகிறது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது அது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் கருவுற்ற விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். இவ்விரண்டையும் இன்றைய ஆளில்லா விமானத்துக்கு முன்னறிவிப்பாக மேடைகளில் சொல்வது வழக்கம். ஆனால் புறநானூற்று ஊர்தி, புலவர் பாடும் புகழ் பெற்றவர் மறுமையில் அடைவது. மயிற்பொறி தச்சன் கைவேலை என்பதால் சற்று நெருங்கி வருகிறது; அதுவும் கடந்த காலத்துக் கதையில் நடப்பதே. இரண்டும் கற்பனைச் செல்வங்கள், கணிப்புகள் அல்ல.

சென்னையில் வெளிவந்த முதல் முயற்சி

இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று சென்னையில் அச்சேறியது. இன்றைய வங்கதேசப் பகுதியைச் சேர்ந்த ரொக்கேயா சக்காவத் உசேன் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையைக் கமலா சத்தியநாதன் நடத்திய ‘தி இந்தியன் லேடீஸ் மேகசின்’ 1905இல் வெளியிட்டது. கதையில் பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். சூரிய வெப்பத்தைத் திரட்டி வைத்துச் சமைக்கிறார்கள். படையெடுத்து வந்த பகைவரையும் அதைக் கொண்டே விரட்டுகிறார்கள். பலூனால் மேகத்திலிருந்து நீர் இறக்குகிறார்கள். வானில் ஊர்தியில் போகிறார்கள். தமிழர் எழுதியது அன்று என்பதால் தமிழ் வரலாறுகளில் இக்கதைக்கு இடம் கிடைப்பதில்லை. அது சரியன்று. பெண் விடுதலையையும் சூரிய ஆற்றலையும் ஒரே கதையில் வைத்த துணிவு அதற்குப் பின்னும் நெடுங்காலம் இங்கே அரிதாகவே இருந்தது.

பாரதியார்

சுப்பிரமணிய பாரதியாரின் (1882–1921) ‘ஞானரதம்’ 1910இல் நூலானது. திருவல்லிக்கேணி வீட்டில் இருக்கும் ஒருவர் ஞானம் என்னும் தேரில் ஏறி உபசாந்தி லோகம், கந்தர்வ லோகம், சத்திய லோகம், தர்ம லோகம் என்று பல உலகங்களைச் சுற்றி வருகிறார். இதில் இயந்திரம் இல்லை. இருப்பதை விடுத்து இருக்கவேண்டியதைக் காணப் புறப்படும் பயண வடிவத்தை நவீனத் தமிழ் உரைநடைக்கு இந்நூல் தந்தது. இங்கே அதற்கு இடம் தருவது அதனால்தான்.

கணிப்பு என்று உறுதியாகச் சொல்லத்தக்கவை ‘பாரத தேசம்’ என்ற பாட்டில் உள்ளன. காசியில் புலவர் பேசுவதைக் காஞ்சியில் கேட்க ஒரு கருவி, வங்கத்தில் மிகும் நீரைத் திருப்பி நடுநாடுகளில் பயிர் விளைப்பது, இலங்கைக்குப் பாலம், நிலவின் இயல்பை ஆராய்ந்து அறிதல் ஆகியவை அவற்றுள் நான்கு.

முதலாவது விரைவில் பலித்தது. சென்னை மாகாண ரேடியோ கழகம் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியபோது பாரதியார் மறைந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. நிலவைப் பற்றியது 2008 அக்டோபர் 22 அன்று சந்திரயான்-1 ஏவப்பட்டபோது நிறைவேறத் தொடங்கியது. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல். இருவரும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். பாலம் இன்றும் இல்லை. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. 1964 புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. வங்கத்து மிகைநீரைத் திருப்புவது இன்னும் திட்ட அளவில் நிற்கிறது. ஆயினும் ஆற்றுநீரை வறண்ட ஊர்களுக்குத் திருப்பும் எண்ணம் வீண்போகவில்லை. புளூரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்ட தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் காவிரி நீரைக் கொண்டு வந்தது.

பாப்பாரப்பட்டியும் ‘ஞானபாநு’வும்

பாரதியார் புதுச்சேரியில் இருந்த காலத்தில் அவருடைய கதைகளுக்கு இடம் தந்த இதழ்களுள் ‘ஞானபாநு’ குறிப்பிடத்தக்கது. 1912இல் சிறை மீண்ட விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, மறு ஆண்டு தொடங்கிய இதழ் அது. ‘சின்னச் சங்கரன் கதை’ அதில்தான் வந்தது. வத்தலக்குண்டில் 1884இல் பிறந்த சிவா, சிறையில் தொழுநோய் பற்றி, ரயிலில் ஏறத் தடை விதிக்கப்பட்டு, நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் போனவர். கடைசிக் காலத்தில் தர்மபுரிக்கு அருகே பாப்பாரப்பட்டியில் தங்கிப் பாரதாசிரமம் அமைத்தார். சாதி வேறுபாடு இல்லாமல் எல்லாரும் வழிபடப் பாரத மாதாவுக்கு அங்கே கோயில் கட்ட நினைத்தார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று சிவா அங்கேயே காலமானார். கோயில் எழவில்லை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 2021இல் அரசு அவ்வூரில் பாரத மாதா நினைவாலயம் திறந்தது.

இதில் அறிவியல் எங்கே என்று கேட்கலாம். அந்தத் தலைமுறை வருங்காலத்தைப் பற்றி எழுதியதற்கும் அதற்காக அடிக்கல் நாட்டியதற்கும் இடையே கோடு போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் கண்ட வருங்காலத்தில் கருவி ஒரு பகுதி. மனிதர் ஒருவரோடொருவர் எப்படி இருப்பார்கள் என்பதே பெரும்பகுதி. பாப்பாரப்பட்டிக் கோயில் திட்டத்தைத் தள்ளிவிட்டுப் பாரதியாரின் கருவியை மட்டும் எடுத்துக்கொள்வது பாதியை எடுப்பதாகும்.

பெரியாரின் ‘இனிவரும் உலகம்’

ஈ.வெ. ராமசாமியின் (1879–1973) இக்கட்டுரை 1940களின் முற்பாதியில் வெளிவந்தது. தமிழில் எதிர்காலத்தைப் பற்றியே எழுதப்பட்ட முன்னோடி எழுத்துகளுள் ஒன்று இது. கம்பியில்லாத் தந்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும், தொப்பியில் ரேடியோ பொருந்தியிருக்கும், முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம், ஓரிடத்தில் இருந்தபடி பல ஊர் மாணவருக்குப் பாடம் நடத்தலாம், மோட்டார் வண்டி எடை குறைந்து மின்சாரத்தில் ஓடும், ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே குழந்தை பிறக்கும், சத்துணவு சிறு குப்பியில் அடங்கும், ஆயுள் நூறைத் தாண்டும் என்றெல்லாம் அதில் சொல்கிறார்.

இவை வெறும் ஊகம் அல்ல. பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் இடையே முகம் பார்த்துப் பேசும் தொலைபேசிச் சேவை 1936இலேயே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கால்நடைக்குச் செயற்கைக் கருவூட்டல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் 1939இல் நடந்தது. பெரியார் செய்தது, ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்ததைச் சாதாரண மனிதனின் சட்டைப்பைக்கும் குடும்பத்துக்கும் கொண்டுவந்து பார்த்தது. சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயாவின் முயற்சியிலும் ஒன்று பிறந்தது.

கருவிகள் பலித்த அளவுக்கு அந்தக் கட்டுரையின் சமூகம் பலிக்கவில்லை. மேல் கீழ் இல்லாத வாழ்வு, பணம் சேர்க்கத் தேவையில்லாத வாழ்வு, உழைக்கும் நேரம் மிகக் குறைந்த நாள், பிள்ளைப்பேற்றின் சுமை நீங்கிய பெண் ஆகியவைதான் அவருக்கு முதன்மை. செல்பேசியைச் சொன்னவர் என்று மட்டும் அவரைப் புகழ்பவர்கள் கட்டுரையின் முன்பாதியைப் படிக்காதவர்கள்.

இத்தகைய கணிப்புகளுக்கு அடியான அறிவியல் செய்தி தமிழ் வாசகருக்குப் பரவியதில் பெ.நா. அப்புசாமியின் (1891–1986) எழுத்துக்கும் கோவையிலிருந்து வந்த ‘கலைக்கதிர்’ இதழுக்கும் பெரும் பங்குண்டு.

இலங்கையில் கிளார்க்

புவிநிலைத் துணைக்கோள் வழியே செய்தி அனுப்பலாம் என்று 1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் எழுதிய ஆங்கில அறிவியல் புனைவு எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் 2008இல் இறக்கும் வரை இலங்கையில் வாழ்ந்தார். பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் துணைக்கோள் ஓரிடத்தில் நிற்பதுபோல் சுற்றும் என்ற கணக்கைப் பயன்பாட்டுக்கு உரியதாகக் காட்டியது அக்கட்டுரை. பாரதியாரின் பாட்டையும் பெரியாரின் கட்டுரையையும் போல அதுவும் கதை அன்று என்பது கவனிக்கத்தக்கது. விண்ணுக்கு மின்தூக்கி கட்டும் ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ (1979) நாவலின் களம் இலங்கையைத் தழுவியது.

திரையும் சுஜாதாவும்

அ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’ (1963) படத்தில் வேற்றுக்கோள் மனிதர் பூமிக்கு வந்து, தம் உலகத்துக்கு இசை கற்பிக்கப் பானுமதியைக் கொண்டு போகிறார்கள், எம்.ஜி.ஆர். மீட்டு வருகிறார். மனிதன் நிலவில் இறங்க அப்போது ஆறு ஆண்டு இருந்தது.

சுஜாதா (1935–2008) பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனப் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். ‘ஆனந்த விகட’னில் 1980களில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ 2021–22இல் நடப்பது. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா என எல்லாம் ஈரெழுத்துப் பெயர்கள். குழந்தை பெற அரசு அனுமதி வேண்டும். நாட்டை ஆளும் ஜீவா மனிதன் அல்ல, ஹோலோகிராம் உருவம் என்பது பின்னால் தெரிகிறது. ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, வாதாடுகிறது, நாளடைவில் தானாகச் சிந்திக்கிறது.

சோனியின் ஐபோ நாய் 1999இல் விற்பனைக்கு வந்தபோது அதற்கு வாலாட்டத் தெரிந்தது, வாதாடத் தெரியாது. தலைவர் ஒருவர் ஹோலோகிராமாகப் பல ஊர் மேடைகளில் ஒரே நேரத்தில் தோன்றிப் பேசுவதை 2012 குஜராத் தேர்தலிலும் 2014 மக்களவைத் தேர்தலிலும் நாடு கண்டது. மொழியில் உரையாடும் சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. கதையின் ஆண்டோடு அது ஒட்டி வந்தது தற்செயல்தான். ஆனால் இயந்திரத்தின் திறனை உடலில் வைக்காமல் பேச்சிலும் படிப்பிலும் வைத்தது தற்செயல் அன்று. அக்காலத்துத் திரைப்படங்கள் பலவும் இயந்திர மனிதனை வலிமையால் அளந்துகொண்டிருந்தன. தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’ இந்த எண்ணத்தை மேலும் கொண்டு செல்கிறது.

இன்று

‘எந்திரன்’ (2010), ‘இன்று நேற்று நாளை’ (2015), ‘24’ (2016), ‘அயலான்’ (2024) முதலிய படங்கள் வந்துள்ளன. ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பும் வெளிவந்தது. ‘அரூ’ இணைய இதழ் நடத்திய அறிவியல் புனைவுப் போட்டிகள் புதிய எழுத்தாளர்களைக் கொண்டு வந்தன.